குழியில் நின்ற குங்குமம்

மலையில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். சிற்பத்தின் மேல் யாரோ சந்தனம் பூசிவிட்டுப் போய்விட்டார்களாம். இப்போதெல்லாம் கூலியாட்கள் தொடக்கூடாதாம். வெளியூரிலிருந்து அதற்கென்று ஆள் வந்துதான் எடுக்க வேண்டுமாம். ஆள் வந்தபாடில்லை. “நீங்க இருக்கும்போ எப்படிம்மா செய்விய?” என்று கேட்டார்கள்.

அதோடு, நான் மகள் வீட்டுக்கு அயர்லாந்து போனதையும், அங்கே இதே போல ஒரு குன்றைப் பார்த்ததையும் யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். “அங்கண எப்பிடி வச்சிருக்காங்கன்னும் எழுதித் தாங்க. நம்ம சங்க மலருல போடலாம்” என்றாள் ஒருத்தி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அவர்களிடமும் தலையை மட்டும்தான் ஆட்டினேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

எங்கள் மலை பெரிய மலை இல்லை, பாறைதான். மேலே ஒரு குகை. அதன் நெற்றியில் வரிசையாக உட்கார்ந்த சாமியார்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சமணர்கள் என்று பலகையில் எழுதியிருக்கும். அடிவாரத்தில் ஓட்டுக் கட்டிடம் ஒன்றில் உடைந்த சிலைகளை வைத்துக் காட்சிக்கூடம் என்று பெயர் போட்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் புல் செதுக்கும் தினக்கூலியாகச் சேர்ந்தேன். தண்ணீர் சுமந்தேன், படி பெருக்கினேன். பிறகு காட்சிக்கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ‘தொடாதீங்க’ என்று சொல்கிற வேலை. அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவே ஒரு வருடம் பிடித்தது. அதுவரை, யாராவது கையை நீட்டினால் எழுந்து நிற்பேன். நான் எழும்புவதைப் பார்த்து அவர்களே கையை எடுத்துக்கொள்வார்கள். மகள் சுபா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வேலை நிரந்தரமானது. மற்றதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ஞானதாஸ் சாரைப் பற்றி.

ஞானதாஸ் சார் எங்களுக்கு மேலதிகாரி. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவோடு பன்றிமயிர்த் தூரிகை ஒன்றும் எப்போதும் இருக்கும். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. மேலே ஏறியதும் எங்களை வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்வார். கல்லில் உரசக் கூடாது. தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்துச் சொல்வார்.

எங்கள் பெரிய வேலை, ஜனங்கள் சிற்பத்தில் பூசுவதை எடுப்பது. திருநீறு, குங்குமம், மஞ்சள், எண்ணெய். சார் அதை அழுக்கு என்று சொன்னதே இல்லை. பொருள் என்பார். “பொருள் என்னது? தண்ணி பட்டிருக்கா? எப்ப வச்சது?” இந்த மூன்றையும் கேட்காமல் எங்களைக் கை நீட்ட விடமாட்டார்.

நீறும், நீங்கள் கேட்ட சந்தனமும் காய்ந்திருந்தால் நல்லது. கீழே தாளை விரித்து, தூங்குகிற பிள்ளையின் புருவத்தைத் தடவுகிற அழுத்தத்தில் மேலிருந்து கீழே தூரிகையால் வருட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்துணியை வைத்தால் நீறு குழைந்து கல்லின் கண்ணுக்குள் போய்விடும். குங்குமம் அதைவிட மோசம். காய்ந்து இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பட்டால் சாயமாக இறங்கும். எண்ணெய் என்றால் காகிதக்கூழை அப்பி, காயவிட்டு, உரித்து, மறுபடியும் அப்பி, வாரக்கணக்கில் வேலை. சோப்பு, சீயக்காய், புளி, எலுமிச்சை எதுவும் மலையேறக் கூடாது. ஒரு தடவை ஊர்க்காரர்கள் சிலர் சாமியார்களைப் பளபளவென்று ஆக்குகிறோம் என்று புளியும் தேங்காய் நாருமாக வந்துவிட்டார்கள். “குத்துவிளக்கா அது?” என்று மட்டும் சார் கேட்டார். பிறகு சிற்பத்துக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நகரவில்லை. அவர்கள் புளியைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் கடைசியில் எங்காவது ஒரு குழியில் கொஞ்சம் நிற்கும். நாங்கள் நகத்தைக் கொண்டுபோவோம். “வேண்டாம், கெடக்கட்டு. தோண்டினா, வச்சவனும் நாமளும் ஒண்ணு” என்பார்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் என்ன சொல்வது. எங்களுடையது சைவக் குடும்பம். நீறு இல்லாத நெற்றியோடு வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். குங்குமத்தை அழிப்பது எங்கள் வீடுகளில் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் தினம் செய்தேன், சம்பளத்துக்கு. ஒவ்வொரு பொட்டும் யாரோ ஒருத்தரின் வேண்டுதல். பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்குக் கடல் வேலை, மகளுக்கு வரன். அவர்கள் வைத்துவிட்டுப் படியிறங்குவார்கள், நான் தூரிகையோடு படியேறுவேன். “நீறு அழிக்கவ வாறா” என்று ஊர்ப்பெண்கள் குளத்துக்கரையில் சொல்வது காதில் விழும். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பேன்.

சாரிடம் ஒரு முறை கேட்டேன். மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். “அவங்க வேண்டிகிட்டு வச்சத நாம அழிச்சா தோஷம் உண்டா சார்?”

“நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்க கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன் பகவதியம்மா” என்றார். அவ்வளவுதான் பதில்.

புதுக்கடைப் பக்கத்துப் பெண் ஒருத்தி செவ்வாய்க்கிழமை தோறும் வரத் தொடங்கினாள். சின்ன வயது. இடுப்பில் ஒரு குழந்தை. நடக்க வேண்டிய வயதாகியும் அதற்குக் கழுத்து நிற்கவில்லை. வரிசையில் மூன்றாவது சாமியார்தான் அவளுக்கு. எண்ணெய் தொட்டு வைத்து அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் அப்புவாள். நான் எழுந்து நின்றேன். அவள் கையை எடுக்கவில்லை. “அக்கா, ஒரு நிமிசம்” என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் சாரே வந்து காத்திருந்தார். அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டு, “மக்களே, இது சாமி இல்ல. பழைய கல்லாக்கும்” என்றார்.

“கல்லுன்னா கேக்காதா சார்?”

“கீழ இசக்கியம்மன் கோயில் இருக்குல்லா. அங்கண வைக்கலாமே.”

“அங்கயும் வச்சாச்சு. வைக்காத எடமில்ல.”

சார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். அவளைத் தடுக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். “அவ போனதும் ஒடனே எடுத்திருங்க. எண்ணெ உள்ள இறங்கப்பிடாது.” அதனால் நான் துடைக்கும்போது அவள் இன்னும் படியில்தான் இருப்பாள். அவள் தலையும், தோளில் சாய்ந்த குழந்தையின் தலையும் கீழே கீழே போவது எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று கையை உடம்பால் மறைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் அவள் வரவில்லை. மழை விட்டதும் ஒரு நாள் வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை, கையில் எண்ணெய் இல்லை. மூன்றாவது சாமியாரைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தார். என்னைப் பார்த்தாள். என் கையில் தூரிகை இருந்தது. இறங்கிப் போய்விட்டாள். குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெகுநாள் கழித்துக் கோட்டாறு போகிற பஸ்ஸில் அவளை மறுபடி பார்த்தேன். எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டால் தீர்ந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றபோது சுபா நர்ஸாகி அயர்லாந்துக்குப் போயிருந்தாள். கல்யாணமும் ஆகியிருந்தது. அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இரண்டு முறையும் போனில் செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த மூன்றாவது சாமியார்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

மூன்றாவது முறை ஏழு மாதம் தாண்டியது. பிரசவத்துக்கு என்னையும் சம்பந்தி கோமதி மைனியையும் சேர்த்தே வரவழைத்தார்கள். மைனி பூதப்பாண்டிக்காரி. விமானத்தில் பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரரிடம் தமிழிலேயே ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவள். நான் அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அயர்லாந்தில் ஒரு குன்றின் மேல் சிவலிங்கம் இருக்கிறது என்று மைனிக்கு யாரோ போனில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றாள். “அம்மாவும் மலையில வேலை பாத்தவதான. போயிட்டு வருவோம்” என்றாள் சுபா. மருமகனுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. சுபாவே கார் ஓட்டினாள். குன்றின் பெயரை அவள் எத்தனை முறை சொல்லித் தந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கோட்டையும் கொத்தளமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பச்சைப் புல்தான். வட்ட வட்டமாக மேடும் பள்ளமும், நடுவே ஆடுகள். பழைய காலத்தில் அந்த நாட்டு ராஜாக்கள் முடிசூடிக்கொண்ட இடமாம். மேலே நிற்கும் கல்லை உண்மையான ராஜா தொட்டால் கல் வாய்விட்டுச் சத்தம் போடுமாம். அடிவாரத்தில் ஒரு பழைய தேவாலயத்தைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கழுத்தில் போடுகிற முறுக்கிய பொன் காறைகளின் மாதிரிகள், குன்று முழுவதையும் சின்னதாகச் செய்து விளக்குப் போட்ட பலகை, இருட்டறையில் ஒரு படம். வாசலில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். மைனி ஒரு செதுக்கல் கல்லை நோக்கிக் கையை நீட்டியதும் அந்த அம்மா எழுந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, நின்றாள். நான் மைனியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

சுவரில் ஒரு போட்டோ இருந்தது. மேலே நிற்கும் கல்லில் யாரோ பெயின்ட் ஊற்றியிருக்கிறார்கள். முகமூடி போட்ட இரண்டு பேர் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுபா வாசித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லுக்குக் காவல் அதிகமாம். எதை வைத்து எடுத்தார்கள், எவ்வளவு நாள் ஆனது என்று அந்த அம்மாவிடம் கேட்க ஆசையாக இருந்தது. வழக்கம் போல நின்றுவிட்டு வந்தேன்.

சுபா இடுப்பில் கையூன்றி மெள்ள ஏறினாள். நான் அவள் பக்கத்தில். மைனி எங்களுக்கு முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரிப் போய்விட்டாள். அவள் கையில் பை இருந்தது. பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீடியோவில் சொன்னது பொய்யில்லை, கல் லிங்கம் மாதிரியேதான் இருந்தது. மைனி பாட்டில் தண்ணீரில் நீறு குழைத்து மூன்று பட்டை இழுத்திருந்தாள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கைகூப்பிக் கண்ணை மூடி, “சுபா, மக நட்சத்திரம், பிள்ள முழுசா கையில வரணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றில் நீறு அதற்குள் உலர்ந்து வெளுத்துவிட்டது.

“அத்தை” என்றாள் சுபா, மூச்சு வாங்கியபடி. “கீழ போட்டோ பாத்தோமில்லா. அந்தக் கல்லாக்கும் இது.”

“அவன் பெயின்ட் ஊத்துனான். நான் நீறு போட்டேன். ரெண்டும் ஒண்ணாட்டி?”

“இவங்களுக்கு ஒண்ணுதான். யாரும் பாத்தா போலீசு வரும்.”

“வரட்டு. சாமி கும்பிட்டேன்னு சொல்லுகேன். கும்பிடுகது குத்தமா?”

நான் மேற்கே பார்த்தேன். வானம் கறுத்து, தூரத்து வயல்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. “மழை வருகு. குங்குமம் இறங்கீரும்” என்றேன். காலையிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“மழை பெஞ்சா சாமி குளிக்கும். நீ எதுக்குக் கெடந்து பதறுக?”

“இறங்குனா போகாது மைனி.”

“போகாண்டாம். நிக்கணும்னுதான வச்சேன்.”

சுபா கைப்பையைத் திறந்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற பெரிய தூரிகையை எடுத்தாள். அதோடு காட்சிக்கூடத்தில் தந்த வரைபடத் தாளையும். “எம்மா, நீ எடு. காலமெல்லாம் இதுதான செஞ்ச” என்று நீட்டினாள்.

தூரிகையை வாங்கினேன். கை கல் வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. வேறு யாருடைய வேண்டுதலாக இருந்தாலும் எடுத்திருப்பேன். இது என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கு வைத்தது.

“என்னம்மா?”

“எனக்குப் பயமா இருக்கு மக்கா. ஒனக்கு வச்சது. எனக்க கையால அழிச்சு ஏதும் ஆயிட்டுன்னா?”

சொல்லிவிட்டேன். மைனி என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் பயம் அவளுக்கும் போய்விட்டது தெரிந்தது. “அதத்தான் நானும் சொல்லுகேன், தொடாத” என்றாள், சத்தம் குறைந்து.

சுபா என் கையிலிருந்து தூரிகையை எடுத்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்தாள். “அப்ப நான் எடுக்கேன். எனக்கு இதுல ஒண்ணும் நம்பிக்கையில்ல” என்றாள். ஆனால் தூரிகை கல்லுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றது. தன் பிள்ளைக்கு வைத்த பொட்டைத் தானே அழிக்கப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“நீ தொடாண்டாம்” என்று பிடுங்கினேன். “தோஷம்னா எனக்க தலையில கெடக்கட்டு.”

வளையலைக் கழற்றினேன். ஈரப்புல்லில் முழங்காலிட்டேன். தாளைக் கீழே விரிக்கப் பார்த்தால் காற்று அதைத் தூக்கியது. அப்போது மைனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தாள இங்க கொண்டா. நீறு தரையில விழுந்தா நாளைக்கு எவனாம் மிதிப்பான்” என்று இரண்டு கையாலும் கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழிப்பதற்குச் சம்மதித்துப் பிடிக்கவில்லை. கீழே விழக்கூடாது, அவ்வளவுதான். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் நமச்சிவாய. நடுநடுவே எனக்கும் உத்தரவு. “பைய... பைய. அது நெத்தியாக்கும்.”

முதலில் குங்குமத்தைத் தனியாக ஒதுக்கி எடுத்தேன். பிறகு மேல் பட்டை, நடுப்பட்டை. எங்கள் மலைப் பாறை மாதிரி இல்லை, இந்தக் கல் சொரசொரப்பு வேறு. கை பழகக் கொஞ்சம் நேரம் ஆனது. நீறு பொடியாக உதிர்ந்து தாளில் விழுந்தது. பொட்டு இருந்த இடத்தில் மட்டும் மிளகு அளவில் ஒரு குழி. அதற்குள் சிவப்பு நின்றது. தூரிகை அதில் நுழையவில்லை. என் பின்கழுத்தில் முதல் துளி விழுந்தது.

நிமிர்ந்தால், கீழே நாற்காலியில் இருந்த அந்த அம்மா மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. சுபா முகம் வெளுத்துவிட்டது. என்னவோ இங்கிலீஷில் சொல்லத் தொடங்கி, என்னிடம் தமிழில், “முகப்பவுடர் கொட்டிட்டுன்னு சொல்லட்டா?” என்றாள்.

“உள்ளதச் சொல்லு மக்கா. பொருள் என்னன்னு அவங்களுக்குத் தெரியாண்டாமா?”

சுபா சொன்னாள். வயிற்றைத் தொட்டுக் காட்டியும் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தாளைப் பார்த்தாள், மைனியின் கண்ணைப் பார்த்தாள். நான் பதற்றத்தில் நகத்தைக் குழிக்குக் கொண்டுபோனேன். அவள் என் மணிக்கட்டை லேசாகப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். கல்லைப் பராமரிக்கிறவர் கூப்பிடுவார் என்று சொல்லி சுபாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மழை வலுத்துவிட்டது.

கார் ஓடத் தொடங்கியதும் மைனி கேட்டாள். “அந்தக் குழியில கொஞ்சம் நிக்குதுல்லா?”

“நிக்குது.”

“அது போதும்.” மடித்த தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

போன் இரண்டு நாள் கழித்து வந்தது. நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். சுபா போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள். ஒரு ஆண் குரல், தாழ்ந்த குரல். “பொருள் என்ன, ஈரம் பட்டதா, எவ்வளவு நேரம் இருந்ததுன்னு கேக்காரு” என்றாள். அடுப்படியிலிருந்து மைனி எனக்குக் கையைக் காட்டினாள், தெரியாது என்று சொல் என்று. சரியாகச் சொன்னால் அவர் சரியாக எடுத்துவிடுவார். அது எனக்கும் தெரியும். ஆனால் தப்பாகச் சொன்னால் அவர் தப்பான மருந்தை வைப்பார், கல் போகும். நான் சொன்னேன். பசுஞ்சாணி சுட்ட நீறு. குங்குமம் கோட்டாற்றுக் கடையில் வாங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும்தான், ஆனால் கடைக்குங்குமத்தில் சாயமும் கலந்திருக்கலாம். எடுக்கும்போது மழை விழுந்துவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டு, கல் நன்றாகக் காய்ந்தால்தான் தொடுவேன், தொடர்ந்து சில நாள் வெயில் அடிக்கும்போது வருகிறேன் என்றாராம்.

மழை ஓயாத அயர்லாந்தில் வெயிலுக்குக் காத்திருக்கிற வேலை. மைனிக்கு அன்றைக்கே உயிர் வந்துவிட்டது.

பிறகு எங்கள் வீட்டில் காலையில் முதல் பேச்சு வானம்தான். “மழையா?” “மழை.” “நல்லதாப் போச்சு.” மைனி போனில் வானிலை பார்க்கப் பழகிக்கொண்டாள். எனக்கு அதிலும் நிம்மதியில்லை. வெயில் அடித்தால் அந்த ஆள் வந்து எடுத்துவிடுவார். மழை பெய்தால் மழையே கரைத்துக்கொண்டு போய்விடுமோ. எது எப்படியானாலும் பயம். சுபா இரண்டு வேளை பிள்ளையின் அசைவைக் கவனிப்பாள். அசைவு கொஞ்சம் தாமதித்தால் மைனி என் பக்கம் திரும்ப மாட்டாள். திரும்பாமல் இருக்க அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் மாடிப்படியில் சுபா தணிந்த குரலில் இங்கிலீஷில் பேசுவது கேட்டது. வைத்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். “யாருட்ட மக்கா?”

“சும்மா, அந்த ஆபீஸ்ல. அவரு இன்னும் வரலயாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிரசவம் பார்த்த பிள்ளை. நம்பிக்கையில்லை என்றவள்.

அதற்குப் பிறகு வானம் வெளுத்தது. நாளுக்கு நாள் நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு புல்லில் பாய் விரித்துப் படுத்துச் சிரித்தார்கள். பார்த்துக் கையசைத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் இழவு விழுந்த வீடு மாதிரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்த வெயிலிலேயே, சொன்ன தேதிக்கு முன்னால் சுபாவுக்கு வலி கண்டது.

ஆஸ்பத்திரி நடையில் நானும் மைனியும் உட்கார்ந்திருந்தோம். மருமகன் உள்ளே இருந்தான். நான் கைகளைப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தேன். மைனி அதைப் பார்த்தாள். “வெளிய எடு” என்றாள். “கும்பிடணும்னா கை வேண்டாமா?” எடுத்தேன். சாமி பெயர் ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. நின்றே இருந்தது. பிறகு ஒரு பிள்ளையின் அழுகை, முதலில் தும்மல் மாதிரி, அப்புறம் நடை முழுவதும் கேட்கிற மாதிரி.

பெண் பிள்ளை. முழுசாகக் கையில் வந்தாள்.

மறுநாள் வார்டுக்குப் போனோம். ஜன்னல் வழியே வெயில் கட்டில் வரைக்கும் விழுந்தது. மைனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சுபாவின் தலையைக் கோதிவிட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. சொன்னேன்.

“மக்கா, அந்த ஆளுக்கு ஒரு போன் போடு. வெயில் அடிக்குல்லா. இன்னும் எடுக்கலன்னா இனி வந்து எடுத்துக்கிடட்டு.”

சுபா சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். மைனி பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன வையிட்டி. கல்லு எங்கயும் ஓடீராது. பிள்ளைக்கு நாப்பது நாள் கழியட்டு.”

சுபா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.